புது வீட்டில் படிப்பு மூலை: சுவருக்குச் சுவர் பலகை போட்டால் தாங்குமா?

வெள்ளைச்சுவர்

புது வீட்டுக்குக் குடிவந்து பெட்டிகளெல்லாம் ஒருவழியாகப் பிரித்தாகிவிட்டது. படுக்கையறையில் அலமாரிக்கென்று விட்ட ஒரு குழிவு சும்மா கிடக்கிறது. மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் திறப்பு, அகலம் 6 அடி, ஆழம் இரண்டேமுக்கால் அடி. அதில் நானே ஒரு படிப்பு மேசை செய்துவிடலாம் என்று பார்க்கிறேன். ஒரு பக்கம் நான் (லேப்டாப்பும் ஒரு மானிட்டரும்), இன்னொரு பக்கம் மகள், எட்டரை வயது, உயரம் 130 சென்டிமீட்டர். மேலே ஒரு புத்தகத் தட்டு.

மனதில் இருக்கும் திட்டம் இதுதான். 18 மிமீ பிளைவுட்டை 6 அடிக்கு அறுத்து, இரண்டு பக்கச் சுவரிலும் எல் ஆங்கிள் அடித்து, அதன்மேல் வைத்துவிடுவது. கால் எதுவும் வேண்டாம், கீழே பெருக்கித் துடைக்க வசதியாக இருக்கும். டிரில், ரம்பம், ரசமட்டம் எல்லாம் கைவசம் உண்டு, ஸ்டூல் இரண்டு மூன்று செய்த பழக்கமும் உண்டு. இது தாங்குமா? ஜன்னல் அறையின் இடது சுவரில் இருக்கிறது, குழிவுக்குள் உட்கார்ந்தால் இடது தோளுக்குக் கொஞ்சம் பின்னால் வரும். விளக்கு அறை நடுவில்.

மரத்தூள்

உடையாது, ஆனால் தொய்யும். 6 அடி நீளத்துக்கு இரண்டு முனையில் மட்டும் பிடித்த 18 மிமீ பலகை, மேலே ஒன்றும் வைக்காமலே நடுவில் வயிறு தள்ளும். மானிட்டர், புத்தகம், ஊன்றும் முழங்கை எல்லாம் சேர்ந்தால் ஒரு செண்டிமீட்டருக்கு மேல் இறங்கினாலும் ஆச்சரியமில்லை. அதுவும் மரம் நாளாக ஆகக் கூடுதலாக வளையும், எடையை எடுத்தாலும் முழுசாகத் திரும்பி வராது.

கணக்கு இப்படி. பரவலான எடைக்கு, தாங்கல்களுக்கு நடுவே உள்ள தூரம் இரட்டிப்பானால் தொய்வு 16 மடங்கு. பலகையின் கனம் இரட்டிப்பானால் தொய்வு எட்டில் ஒன்று. ஆகவே கனத்தைக் கூட்டுவதைவிட நடுவில் ஒரு தாங்கல் கொடுப்பதுதான் லாபம். பின்சுவர் முழு நீளத்துக்கும் ஒரு ரீப்பர் கட்டை (நீளமான மரச்சட்டம்) அடித்துப் பலகையின் பின்விளிம்பை அதன்மேல் உட்கார வையுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது. மீதி முன்விளிம்பு. அதற்கு அடியில் 75 மிமீ உயரப் பட்டை ஒன்றை நெட்டாக நிறுத்தி, மரப்பசை போட்டு ஸ்க்ரூ அடித்தால் போதும். நம்புவதற்குச் சிரமமாக இருக்கும், அதே 18 மிமீ பிளைவுட்டில் அறுத்த அந்த ஒல்லிப் பட்டை நெட்டாக நிற்கும்போது, படுத்திருக்கும் இரண்டடி அகலப் பலகையைப் போல இரண்டு மடங்கு விறைப்பு அதற்கு. உயரத்தின் மும்மடியில் விறைப்பு ஏறும் என்பதுதான் காரணம்.

எல் ஆங்கிளை மட்டும் நம்பாதீர்கள். அது புள்ளியில் தாங்கும், ரீப்பர் நீளத்துக்கும் தாங்கும்.

சன்னலோரம்

மரத்தூள் சொன்னது சரி. ஒரே ஒரு ஆட்சேபம். முன்னால் 75 மிமீ பட்டை போட்டால் கை வைத்த நாற்காலி உள்ளே போகாது. மேசை மட்டம் 74 செமீ என்றால், பலகையும் பட்டையும் போக அடியில் 65 தான் மிஞ்சும். நாற்காலிக் கை பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கும். கொஞ்ச நாளில் பட்டை முழுக்கக் கீறல், அப்புறம் நாற்காலியை வெளியிலேயே விட்டுவிட்டு நுனியில் உட்கார்ந்து குனிந்து வேலை செய்வீர்கள். பட்டைக்குப் பதிலாக 25 மிமீ சதுர இரும்புக் குழாய் ஒன்றை அடியில் ஓட்டிவிடலாம்.

போதும்போதும்

எல்லாரும் என்னைத் திட்டுவீர்கள், பரவாயில்லை. எதற்கு இத்தனை? குடிவந்த உடனே சுவரில் ஓட்டை போடுவது ஒரு வியாதி. ஒரு பழைய மேசையைக் குழிவில் போட்டுக் கொஞ்ச காலம் உட்கார்ந்து பாருங்கள். வெயில் எந்நேரம் எங்கே விழுகிறது, சமையலறைச் சத்தம் எவ்வளவு வருகிறது, பிள்ளை உண்மையிலேயே அங்கே உட்காருகிறாளா அல்லது தரையில் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறாளா, இதெல்லாம் தெரிந்த பிறகு அடிக்கலாமே. நான் பார்த்த முக்கால்வாசி வீடுகளில் படிப்பு மேசை என்பது துணி மடித்து வைக்கும் இடம்.

வெள்ளைச்சுவர்

போதும்போதும் சொல்வதில் நியாயம் இருக்கிறது, திட்டமாட்டேன். ஆனால் மடக்கு மேசை ஒன்றைப் போட்டு ஏற்கெனவே அந்தக் குழிவில்தான் உட்காருகிறோம், இடம் பிடித்துப்போன பிறகுதான் இந்தக் கேள்வியே. மகளுக்கும் அந்த இடம்தான் வேண்டுமாம். பிரச்சினை மேசை ஆடுவதுதான், நான் தட்டச்சு செய்தால் அவள் எழுத்து கோணுகிறது என்று சண்டை.

இரும்புக் குழாய் என்றால் வெல்டிங் வேலை வருமே?

ரசமட்டம்

வெல்டிங் வேண்டாம், குழாயில் துளை போட்டு அடியிலிருந்து ஸ்க்ரூ அடித்தாலே போதும். ஆனால் அதெல்லாம் பிறகு. முதலில் சுவரைப் பற்றிச் சொல்லுங்கள். செங்கல்லா, ஹாலோ பிளாக்கா, ஏஏசி பிளாக்கா (காற்றுக்குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்)? பூசி எவ்வளவு நாளாயிற்று? இதைக் கேட்காமல் யாரும் ரீப்பர் அடிக்கச் சொல்லக்கூடாது.

முழுச் செங்கல்லும் கான்கிரீட்டும் என்றால் ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் சொருகும் சாதாரணப் பிளாஸ்டிக் பிளக் போதும், ஆனால் பிளக் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் உட்கார வேண்டும். பூச்சே 12 முதல் 20 மிமீ வரை இருக்கும். 35 மிமீ ஸ்க்ரூவில் ரீப்பர் கனமும் போய்விட்டால் கல்லைத் தொடவே தொடாது, பூச்சில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்றரை அங்குல ரீப்பருக்கு ஸ்க்ரூ நாலு அங்குலமாவது வேண்டும். ஏஏசி என்றால் அது மெத்தென்ற கல், ஹேமர் போடாமல் வெறும் சுழற்சியில் துளையிடுங்கள், அதற்கென்று நீளமான பிளக் தனியாக விற்கிறது. ஹாலோ பிளாக்கில் உள்ளே போய் விரியும் வகை. துளை போடும்போது வரும் தூளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: செங்கல் என்றால் சிவப்பு, ஏஏசி என்றால் வெள்ளையாக மாவு மாதிரி கொட்டும், ஹாலோ என்றால் சாம்பல் தூள் வந்துகொண்டே இருந்து திடீரென்று பிட் உள்ளே விழும்.

அப்புறம் ஓதம். புதுப் பூச்சு வெளியே காய்ந்து தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் போகாமல் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் மர வேலையைத் தள்ளிப்போடுங்கள். காய்ந்திருந்தாலும் பலகையைப் பின்சுவரோடு ஒட்டவிடாமல் ஒரு அங்குலம் இடைவெளி விடுங்கள், காற்றும் போகும், ஒயரும் போகும்.

கம்பிச்சுருள்

ஒயர் என்றதும் வந்துவிட்டேன். சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் துளை போடாதீர்கள், உள்ளே பைப் அந்த வழியில்தான் போகும். போகக்கூடிய வழி என்றுதான் சொல்கிறேன், சில வீடுகளில் குறுக்காகவும் இழுத்திருப்பார்கள், ஆகவே கையில் பிடிக்கும் ஒயர் டிடெக்டர் ஒன்று இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள். பூசுவதற்கு முன் எடுத்த போட்டோ இருந்தால் அதைவிட நல்ல வரைபடம் கிடையாது. சுவரின் மறுபக்கம் குளியலறையா என்றும் பாருங்கள். துளையிடும்போது அந்தச் சுற்றுக்கு மெயினை அணைத்துவிட்டு, டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து மின்சாரம் எடுங்கள்.

பிளக் பாயிண்ட் தரையிலிருந்து ஒரு அடியில் இருக்கிறதா? மேசை வந்தால் ஒவ்வொரு தடவையும் அடியில் தவழ வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைப் பலகையின் அடியில் ஸ்க்ரூவில் மாட்டுங்கள். லேப்டாப், மானிட்டர், விளக்கு எல்லாம் சேர்ந்தாலும் சின்ன லோடுதான். எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் மட்டும் சொருகாதீர்கள், ஹீட்டரையும் அயர்ன் பாக்ஸையும் அதில் போடாதீர்கள்.

வெள்ளைச்சுவர்

செங்கல் சுவர், பூசி வருடம் ஒன்று ஆகிறது. பின்சுவருக்கு அந்தப்பக்கம் மாடிப்படி, குளியலறை இல்லை. பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறேன், நாளைக்குத் தெரியும். பாயிண்ட் நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு அடி உயரத்தில்தான்.

மகளுக்கு மட்டும் தனியாகத் தாழ்ந்த மேசை வேண்டுமா? ஒரே மட்டம் என்றால் யாராவது ஒருவர் கஷ்டப்பட வேண்டும்போல் இருக்கிறதே.

சின்னவன்அம்மா

பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் இந்தக் கேள்வி என்னுடையது. மேசை உயரத்தைவிட, உட்காரும் மட்டத்துக்கும் மேசை மட்டத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் முக்கியம். பள்ளி மேசை நாற்காலிக்கு ஐரோப்பாவில் இஎன் 1729 என்று ஒரு தரம் உண்டு. அதில் 119 முதல் 142 செமீ வரை உயரமுள்ள பிள்ளைக்கு மேசை 59, இருக்கை 35. அதாவது இடைவெளி 24 செமீ. 159 முதல் 188 வரை உள்ளவர்களுக்கு மேசை 76, இருக்கை 46, இடைவெளி 30.

இப்போது உங்கள் மேசை 74 என்று வையுங்கள். அவளுக்கு இருக்கை 74இல் 24 போக 50 செமீயில் இருக்க வேண்டும். கால் தரையில் எட்டாது, ஏனென்றால் அவள் காலுக்கு 35 தான் பொருத்தம். மீதி 15 செமீக்கு ஒரு பாதப்பலகை. அவ்வளவுதான், தாழ்ந்த மேசை வேண்டியதில்லை. வளர வளர நாற்காலியை இறக்கி, பாதப்பலகையின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே போகலாம். ஆனால் பாதப்பலகை கட்டாயம். கால் தொங்கினால் பிள்ளைகள் இருக்கையின் நுனிக்கு நழுவி, மேசையில் மார்பைச் சாய்த்து எழுதுவார்கள், அதைப் பார்த்துவிட்டு நாம் “நிமிர்ந்து உட்கார்” என்று கத்துவோம். பாதப்பலகை அகலமாக, சறுக்காமல் இருக்கட்டும். அவளுக்குச் சக்கரமில்லாத நாற்காலி நல்லது, சக்கரம் இருந்தால் படிப்பைவிடச் சவாரிதான் நடக்கும்.

மரத்தூள்

இரண்டு பேர் என்பதை நான் சரியாகக் கவனிக்கவில்லை, அப்படியென்றால் விஷயம் ரொம்பச் சுலபம். நடுவில் ஒரு செங்குத்துப் பலகை நிறுத்துங்கள், ஆளுக்கு மூன்றடி. தாங்கல் தூரம் பாதியாகிவிட்டது, தொய்வு பதினாறில் ஒன்று. முன்பட்டையும் வேண்டாம், குழாயும் வேண்டாம். நடுப்பலகையை முன்விளிம்பிலிருந்து 20 செமீ உள்ளே தள்ளி நிறுத்தினால் முழங்கால் திருப்ப இடம் கிடைக்கும், நாற்காலியும் இடிக்காது. அவளுடைய ஆட்டம் உங்களுக்கும் உங்கள் ஆட்டம் அவளுக்கும் வராது. துடைப்பதற்குக் குறுக்கே ஒரு பலகை நிற்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளைவுட்டில் மைக்கா ஒட்டுவதாக இருந்தால் அடிப்பக்கமும் மெல்லிய மைக்கா ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் இரண்டு பக்கமும் ஈரத்தை வெவ்வேறு அளவில் இழுத்துப் பலகை முறுக்கிக்கொள்ளும்.

சன்னலோரம்

மைக்கா என்றால் மேட் வகை. பளபளப்பு வேண்டவே வேண்டாம், விளக்கு அப்படியே கண்ணில் திருப்பி அடிக்கும்.

விளக்கைப் பற்றி யாருமே பேசவில்லை, எனக்கு அதுதான் மேசையைவிடப் பெரிய விஷயம். நீங்கள் சுவரைப் பார்த்து உட்காருகிறீர்கள், அறை விளக்கு நடுவில், அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால். இரவில் உங்கள் தலையும் தோளும்தான் நோட்டுப் புத்தகத்தின்மேல் விழும். எவ்வளவு பெரிய பல்பு மாற்றினாலும் நிழல் கறுக்குமே தவிர வெளிச்சம் வராது. இப்போதே உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் பேனாவை நிறுத்திப் பாருங்கள், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று.

எழுதப் படிக்கத் தாளின்மேல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வேண்டும் என்பது அலுவலகங்களுக்குச் சொல்லும் அளவு. போனில் லக்ஸ் அளக்கும் செயலி துல்லியமாக இருக்காது, என்றாலும் இரண்டு இடத்தை ஒப்பிட உதவும். மேல் தட்டின் அடியில் எல்இடி பட்டையை ஓட்டுங்கள், பால் நிற மூடி போட்ட அலுமினியச் சட்டத்துக்குள். பின்சுவரை ஒட்டி ஓட்டினால் சுவர்தான் ஜொலிக்கும், தட்டின் முன்விளிம்புக்குப் பின்னாலேயே வையுங்கள். உட்கார்ந்த கண்ணுக்கு எல்இடி நேராகத் தெரியாதபடி ஒரு சின்னப் பட்டை மறைக்கட்டும், உங்கள் கண்ணுக்கு மறைந்தது மகள் கண்ணுக்குத் தெரியும், அவள் உயரத்திலிருந்தும் பாருங்கள். வெளிச்சத்தின் நிறம் 4000 கெல்வின் (மஞ்சளும் நீலமும் அடிக்காத வெள்ளை), சிஆர்ஐ 90 (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு). கூடவே ஆளுக்கொரு மேசை விளக்கு, வலக்கைக்காரருக்கு இடப்பக்கம், இடக்கைக்காரருக்கு வலப்பக்கம்.

ஜன்னல் இடது பின்னால் என்பதால் இடப்பக்கம் உட்காருபவரின் திரையில் ஜன்னல் பிரதிபலிக்கும். மானிட்டர் வலது பாதியில் இருக்கட்டும், மகள் இடது பாதியில். பகல் வெளிச்சம் அவள் தாளுக்கு, நிழல் உங்கள் திரைக்கு.

வெள்ளைச்சுவர்

அவள் இடக்கைக்காரி.

சன்னலோரம்

ஹா, அப்படியென்றால் மேசை விளக்கு அவளுக்கு வலப்பக்கம். பகலில் இடது பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் அவள் கை நிழல் எழுத்தின்மேல் விழும். ஆனால் ஜன்னல் வெளிச்சம் பரந்து வருவதால் நிழல் மெல்லியதாக இருக்கும், அதோடு தட்டின் அடி விளக்கையும் பகலிலேயே போட்டுவிட்டால் தெரியவே தெரியாது. இடத்தை மாற்ற வேண்டாம். இன்னொரு நன்மை, இடது ஓரத்தில் அவள் இடது முழங்கை சுவர்ப் பக்கம் இருக்கும், உங்கள் வலது முழங்கை வலது சுவர்ப் பக்கம். எழுதும் கைகள் இடித்துக்கொள்ளாது.

வெள்ளைச்சுவர்

இது எனக்குத் தோன்றவே இல்லை, அருமை. பிளாஸ்டிக் தாள் உலர்ந்துதான் இருந்தது.

இன்னொன்று. வீடு கட்டும்போது ஒரு வாசலைத் திறப்பாகவே விட்டுவிட்டோம், அதற்கு வாங்கிய ஃப்ளஷ் கதவு மொட்டை மாடி அறையில் சாய்த்து வைத்திருக்கிறது. ஆறரை அடிக்கு இரண்டரை அடி, 35 மிமீ கனம். இதையே டேபிள் டாப்பாகப் போட்டால்?

போதும்போதும்

இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! நான் பாட்டுக்கு மடக்கு மேசைக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன். போடுங்கள்.

மரத்தூள்

உள்ளே முழுக்க மரமா, வெற்றிடமா என்பதைப் பொறுத்தது. நடுவில் தட்டிப் பாருங்கள், ஓரத்தில் தட்டிப் பாருங்கள். ஓரத்தில் கெட்டியாகவும் நடுவில் மத்தளம் மாதிரியும் கேட்டால் உள்ளே காலி. தூக்கினாலும் தெரியும், முழு மரம் என்றால் ஒரே ஆள் மாடியிலிருந்து இறக்குவது சிரமம்.

முழு மரம் என்றால் பிளைவுட்டை மறந்துவிடுங்கள். 18க்கு 35, விறைப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு. நடுப்பலகையும் இருந்தால் அதன்மேல் ஏறி நின்று பல்பு மாற்றலாம்.

கதவு சாய்த்தே வைத்திருந்தது என்கிறீர்கள், முறுக்கியிருக்கிறதா பாருங்கள். படுக்கவைத்து மூலைக்கு மூலை நூல் கட்டினால் இரண்டு நூலும் நடுவில் தொட்டுக்கொள்ள வேண்டும். நூல்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் முறுக்கு. தொட்டால், மேலே கீழே மாற்றிக் கட்டியும் தொடுகிறதா பாருங்கள். கொஞ்சம் முறுக்கு என்றால் ரீப்பரில் ஸ்க்ரூ அடிக்கும்போது இழுத்துக்கொள்ளும்.

ரசமட்டம்

அறுப்பதற்கு முன் குழிவின் அகலத்தைப் பின்னால், நடுவில், முன்னால் மூன்று இடத்தில் அளந்துகொள்ளுங்கள், மேசை மட்டத்திலேயே அளக்க வேண்டும், தரையில் அல்ல. எந்தப் பூச்சுக்காரரும் இரண்டு சுவரை இணையாக விட்டதில்லை. பின்னால் 6 அடி இருந்து முன்னால் பூச்சு தடித்து 10 மிமீ குறைந்திருந்தால், பின்பக்க அளவுக்கு அறுத்த கதவு வாயிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். மிகக் குறைந்த அளவில் பக்கத்துக்கு 3 மிமீ கழித்து அறுங்கள். ரம்பமும் 3 மிமீ தின்னும், கோட்டின் எந்தப் பக்கம் ரம்பம் ஓடுகிறது என்பதைக் குறித்துவைத்துவிட்டு அறுக்க ஆரம்பியுங்கள்.

ரீப்பர் அடிக்கும்போது தரையிலிருந்து அளந்து மூன்று சுவரிலும் குறிக்காதீர்கள், தரை சரிவாக இருக்கலாம். ஒரு மூலையில் மட்டும் அளந்து, அங்கிருந்து ரசமட்டத்தால் சுற்றி வாருங்கள். மேசை மட்டம் 74 என்றால் ரீப்பரின் மேல்விளிம்பு எழுபதரை.

கம்பிச்சுருள்

ஒயர் துளைக்கு 60 மிமீ ஹோல்சா (டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம்). கதவில் பூட்டுத் துளை போட்டிருந்தால் அதையே பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டால் ஒரு துளை மிச்சம்.

வெள்ளைச்சுவர்

பூட்டுத் துளை போடவில்லை, கதவு கன்னிக் கதவு. தட்டிப் பார்த்தேன், எங்கும் ஒரே கெட்டி. நானும் மச்சானும் சேர்ந்து இறக்கினோம், நூல் கட்டிப் பார்த்ததில் மேலும் கீழும் தொட்டது. குழிவு பின்னால் 1832 மிமீ, நடுவில் 1829, முன்னால் 1824.

குழிவின் ஆழம் 33 அங்குலம், கதவு 30. பின்னால் ஒரு அங்குலம் விட்டால் முன்னால் இரண்டு அங்குலம் உள்வாங்கி நிற்கும், அது பரவாயில்லையா? அறுத்த முனைக்குப் பீடிங் (விளிம்பை மூடும் மெல்லிய பட்டை) ஒட்ட வேண்டுமா?

மரத்தூள்

உள்வாங்கி நிற்பது நல்லதே, சுவர் மூலையில் இடுப்பு இடிக்காது, பார்வைக்கும் நேர்த்தி. 1818க்கு அறுங்கள். அறுத்த முனை சுவர்ப் பக்கம் போய் மறைந்துவிடும், பீடிங் வேண்டாம், ஆனால் பச்சையாக விடாமல் மரப்பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இரண்டு கை பூசிவிடுங்கள், சுவரின் ஈரத்தைக் குடிக்காது. முன்விளிம்புதான் மணிக்கட்டு படும் இடம். அங்கே மட்டும் உப்புத்தாளால் கூர்மையை நன்றாக உருட்டிவிட்டு, பிறகு வார்னிஷ்.

மேல் தட்டு மறந்துவிடாதீர்கள். புத்தகம் ஒரு மீட்டர் நீளத்துக்கு 20 கிலோவைத் தாராளமாகத் தாண்டும். 18 மிமீ பிளைவுட் என்றால் தாங்கல்களுக்கு நடுவே 75 செமீக்கு மேல் விடாதீர்கள், அதாவது ஆறடித் தட்டுக்கு நடுவில் இரண்டு தாங்கல். ஆழம் 25 செமீ போதும், அதற்குமேல் போனால் நிமிரும்போது நெற்றி.

சின்னவன்அம்மா

அவளுடைய புத்தகங்கள் மேல் தட்டில் வேண்டாம், எடுக்க நாற்காலிமேல் ஏறுவாள். நடுப்பலகையின் அவள் பக்கம் இரண்டு சின்னத் தட்டு அடித்துக் கொடுத்துவிடுங்கள்.

வெள்ளைச்சுவர்

செய்துவிடுகிறேன். இந்த வாரக் கடைசியில் ரீப்பர், அடுத்து கதவு. நடுப்பலகைக்கும் பாதப்பலகைக்கும் சேர்த்து ஒரே பிளைவுட் துண்டில் அறுப்பதற்கு அளவு போட்டுக்கொண்டிருக்கிறேன், போட்டோ போடுகிறேன். மச்சான் கேட்கிறான், பலகையை ரீப்பரோடு ஸ்க்ரூ அடிக்க வேண்டுமா, எடையிலேயே உட்கார்ந்திருக்காதா என்று.

ரசமட்டம்

உட்கார்ந்திருக்கும், ஆனால் யாராவது முன்விளிம்பில் ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் தூக்கும். அடியிலிருந்து ரீப்பர் வழியாகப் பக்கத்துக்கு இரண்டு, பின்னால் மூன்று. ரீப்பரில் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு வாஷர் வைத்து அடியுங்கள், மரம் மழைக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் நகர இடம் இருக்கட்டும். ஸ்க்ரூ நீளத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள், மேலே முனை எட்டிப் பார்த்துவிடப் போகிறது.